டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே நேரத்தில் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் காய்ச்சல் என்றாலே "டெங்குவா, சிக்குன்குனியாவா?" என்று கேட்கிறோம். "இரண்டுமா?" என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு வைரஸ் பிடிபட்டதும் தேடுவதை நிறுத்திவிட்டால், கூடவே இருக்கும் இன்னொன்று யார் கண்ணிலும் படாமல் போகலாம். அப்படித் தப்பியது டெங்குவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இரண்டு நோயும் ஒரே பருவத்தில், ஒரே தெருவில் பரவுகின்றன. அதனால் நோயாளிகளும் வீட்டில் இருப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையிலேயே வருமா?

வரும். இது மருத்துவ உலகத்துக்குப் புதிய சங்கதியும் இல்லை. 1964-ல் சென்னை, வேலூர், புதுச்சேரி என்று தென்னிந்தியாவில் சிக்குன்குனியா பரவியது. அந்தச் சமயத்தில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் சிக்குன்குனியா வைரஸும் டெங்கு இரண்டாம் வகை வைரஸும் சேர்ந்தே இருந்ததை வேலூரில் பணியாற்றிய மையர்ஸ், கேரி என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்களுடைய அறிக்கை 1967-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இரட்டைத் தொற்று பற்றி உலகில் வந்த ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று நம் ஊர்ப் பக்கத்தது.

1973-க்குப் பிறகு சிக்குன்குனியா இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 இறுதியில் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு அந்த நோய் இருக்கலாம் என்று பதிவானது. இடைப்பட்ட காலத்தில் டெங்கு நம் நகரங்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஆக, இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. அதே 2006-ல் டெல்லி நோயாளிகள் சிலரிடமும், மடகாஸ்கரில் தோமாசினா நகரத்திலும், அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலும் இரட்டைத் தொற்று உறுதியானது.

பிறகு, இதே கொசுக்கள் பரப்பும் ஜிகா என்ற இன்னொரு வைரஸும் சேர்ந்துகொண்டது. நிகரகுவாவில் நடந்த ஓர் ஆய்வில், இந்த மூன்றில் ஏதோ ஒரு வைரஸாவது இருந்த 263 பேரில் 71 பேருக்கு இரண்டோ மூன்றோ சேர்ந்திருந்தன. அதை வைத்து எல்லா ஊரிலும் நாலில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. மூன்றும் ஒன்றாகக் கொழுந்துவிட்டுப் பரவிய காலம் அது. ஆனால் 'அபூர்வம்' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அந்த எண்ணே போதும்.

இலங்கையிலும் இதே நிலைதான். 2017-ல் அங்கே 1,86,101 டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த சிக்குன்குனியா 2024 இறுதியிலிருந்து அங்கே மறுபடி பரவியது.

ஒரு கொசுவே இரண்டையும் கொடுக்குமா?

கொடுக்க முடியும். மூன்று வைரஸையும் சுமப்பது ஏடிஸ் இனக் கொசுதான். வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வாழும் ஏடிஸ் எஜிப்தி முக்கியமானது. தோட்டம், தோப்புப் பக்கம் ஏடிஸ் அல்போபிக்டஸ். காபோனில் பிடித்த ஓர் அல்போபிக்டஸ் கொசுவில் டெங்கு, சிக்குன்குனியா இரண்டு வைரஸும் இருந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், எஜிப்தி கொசுக்களுக்கு மூன்று வைரஸையும் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள். சில கொசுக்களின் உமிழ்நீரில் மூன்றுமே வந்தன.

ஆனால் நிஜத்தில் ஒரே கொசுதான் காரணமாக இருக்கவேண்டும் என்றில்லை. எஜிப்தியின் பழக்கம் ஒன்று உண்டு. ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஓய்வதில்லை. கொஞ்சம் குடிக்கும், கை அசைந்தால் பறந்துபோய் அடுத்த ஆளைக் கடிக்கும். ஒரு முறை முட்டையிடுவதற்குள் பலரைக் கடித்துவிடும். இரண்டு வைரஸும் சுற்றும் தெருவில், திங்கட்கிழமை ஒரு கொசுவிடமிருந்து டெங்குவும் புதன்கிழமை வேறொன்றிடமிருந்து சிக்குன்குனியாவும் வாங்கிக்கொள்வது எளிது. கடித்ததிலிருந்து காய்ச்சல் வர டெங்குவுக்கு 4 முதல் 10 நாள், சிக்குன்குனியாவுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள். அதனால் கடி வெவ்வேறு நாளில் பட்டிருந்தாலும் காய்ச்சல் ஒன்றாக வந்து நிற்கலாம்.

இரண்டும் சேர்ந்தால் ஆபத்தும் இரட்டிப்பா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. சில ஆய்வுகளில் இரட்டைத் தொற்று உள்ளவர்கள் அதிகம் அவதிப்பட்டார்கள். வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. நிகரகுவாவில் இரட்டைத் தொற்று இருந்தவர்கள் ஒற்றைத் தொற்றுக்காரர்களைவிட அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்படவில்லை.

என் கணிப்பில், பெரிய ஆபத்து குழப்பத்தில்தான் இருக்கிறது. மூட்டு வலி முன்னுக்கு நிற்கும்போது, "இது சிக்குன்குனியாதான், சாகடிக்காது" என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். வலிக்கு ஊசி போடுகிறார்கள். டெங்குவுக்கு வேண்டிய கண்காணிப்பு நடப்பதில்லை.

அறிகுறியை வைத்தே பிரித்துச் சொல்ல முடியாதா?

ஓரளவு ஊகிக்கலாம். சிக்குன்குனியாவில் காய்ச்சல் திடீரென்று ஏறும். விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கி வலிக்கும்; செருப்பு மாட்டக்கூட முடியாது. டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலி, தசை வலி, குமட்டல் அதிகம். ரத்தத்தில் வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் குறையும். ஜிகாவில் காய்ச்சல் லேசாக இருக்கும், அரிப்போடு தடிப்பும் கண் சிவப்பும் வரும். பலருக்கு ஒன்றுமே தெரியாது.

இரண்டும் சேர்ந்தவரிடம் இந்த அடையாளங்கள் கலந்து கிடக்கும். மூட்டு வீங்கியிருக்கிறது, அதோடு பிளேட்லெட்டும் வேகமாக இறங்குகிறது என்றால் மருத்துவர் இரண்டையும் நினைத்துப் பார்ப்பார். உறுதி செய்ய ரத்தப் பரிசோதனைதான் வழி.

டெங்கு பாசிட்டிவ் வந்துவிட்டது. சிக்குன்குனியாவுக்கும் பணம் கட்டிப் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் உடனே அவசியமில்லை. டெங்கு என்று தெரிந்துவிட்டால் அடுத்த சில நாட்களுக்கான கவனிப்பு முழுக்க டெங்குவுக்கானதுதான். சிக்குன்குனியா கூட இருந்தாலும் அது மாறாது. மூட்டு வீக்கம் அதிகமாக இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, வீட்டில் மற்றவர்களுக்குச் சிக்குன்குனியா உறுதியாகியிருந்தாலோ கேட்டுப் பார்க்கலாம்.

தலைகீழாக வந்தால் கதை வேறு. சிக்குன்குனியா பாசிட்டிவ், டெங்கு பார்க்கவே இல்லை என்றால் கட்டாயம் டெங்குவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டெங்குவுக்கான எலைசா என்ற ஆய்வக ரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் டெங்கு ஐஜிஎம், சிக்குன்குனியா ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ். அப்படியானால் எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிறையப் பேர் தடுமாறும் இடம் இது.

ஐஜிஎம் என்பது வைரஸ் இல்லை. வைரஸ் வந்ததற்குப் பதிலாக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். காய்ச்சல் தொடங்கிய நாலைந்து நாளுக்கு அப்புறம்தான் அது தெரியும்படி சேரும். சேர்ந்ததும் உடனே மறைந்துவிடாது. டெங்கு ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் இருக்கும். சிக்குன்குனியா ஐஜிஎம் அதைவிட நீண்ட நாள் இருக்கக்கூடும். ஆகஸ்டில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்து போயிருக்கலாம். அக்டோபரில் டெங்கு வந்து பரிசோதித்தால் இரண்டு வரியிலும் பாசிட்டிவ் என்று அச்சாகும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒரே நேரத்துத் தொற்று மாதிரி தெரியும். உண்மையில் ஒன்று பழையது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருளை இன்னொன்றுக்கானது என்று பரிசோதனை தவறாக எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களிடமும் இப்படி நேரலாம். டெங்கு ஐஜிஎம்மும் ஜிகா ஐஜிஎம்மும் சேர்ந்து பாசிட்டிவ் என்றால் அதை மட்டும் நம்பி இரட்டைத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. சிக்குன்குனியா ஆல்ஃபா வைரஸ் வகையைச் சேர்ந்தது, அதன் குடும்பமே வேறு. டெங்குவோடு இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது.

வைரஸையே நேரடியாகக் காட்டுபவை வேறு பரிசோதனைகள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கும் என்.எஸ்.1 டெங்கு வைரஸின் புரதத்தைக் காட்டும். ஆர்.டி.பி.சி.ஆர் முதல் வாரத்தில் வைரஸின் மரபுப் பொருளையே தேடும். ஒரே ரத்த மாதிரியில் இரண்டுக்கும் பி.சி.ஆர் பாசிட்டிவ் என்றால் சந்தேகமே இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. என்.எஸ்.1 பாசிட்டிவ், சிக்குன்குனியா ஐஜிஎம் பாசிட்டிவ் என்று கலந்து வந்தால், டெங்கு இப்போதையது என்பது உறுதி. சிக்குன்குனியா பழையதாக இருக்கலாம். கடந்த சில மாதங்களில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். யோசித்துச் சொல்லுங்கள்.

பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் கார்டு பரிசோதனைகளை நான் அவ்வளவாக நம்பச் சொல்ல மாட்டேன். அரசின் டெங்கு கணக்கிலும் எலைசா முடிவுகளுக்குத்தான் மதிப்பு. கார்டில் நெகட்டிவ் வந்தாலும் உடம்பு டெங்கு போலவே காட்டினால் டெங்குவாகவே நடத்த வேண்டும்.

மூட்டு வலி தாங்க முடியவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பாரசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு எதுவும் வேண்டாம்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவுக்கு வழி செய்யக்கூடியவை. டெங்குவில் ஏற்கெனவே பிளேட்லெட் குறைந்து, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். அப்போது இந்த மருந்துகள் வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரலாம். மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டால் பாரசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அட்டையின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஒரு ஊசி போடுங்க டாக்டர், காய்ச்சல் உடனே இறங்கணும்" என்று நாமே கேட்பதையும் நிறுத்த வேண்டும். அந்த ஊசி பல இடங்களில் டைக்ளோஃபெனாக்தான். ஸ்டீராய்டும் அப்படித்தான், வலி சட்டென்று குறையும், டெங்குவில் அதனால் எந்த நன்மையும் நிரூபணமாகவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2025-ல் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் நான்குக்கும் சேர்த்தே ஒரு சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. ஆரம்பத்தில் எது எதுவென்று பிரிக்க முடியாது என்பதே சேர்த்து எழுதியதற்கு முக்கியக் காரணம். அதிலும் காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால்தான், மற்ற வலி மாத்திரைகள் வேண்டாம் என்கிறார்கள்.

பாரசிட்டமாலையும் அளவோடுதான் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். டெங்கு கல்லீரலையும் தாக்கும். அதிகப்படி பாரசிட்டமாலும் அதையே தாக்கும். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. இனிமேல் பயமில்லையே?

டெங்குவில் பயப்பட வேண்டிய நேரமே அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில், சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். அது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். இரட்டைத் தொற்றில் சிக்குன்குனியாவின் மூட்டு வலி அப்போதும் தொடர்வதால், சோர்வையும் படுத்தே கிடப்பதையும் "மூட்டு வலியால்தான்" என்று வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

வயிறு விடாமல் வலிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், மூச்சு வாங்குவது, கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது, அளவுக்கு மீறிய அசதி, குழந்தை அமைதியில்லாமல் தவிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிளேட்லெட் 40,000-க்கு வந்துவிட்டது. ஏற்ற வேண்டாமா?

ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதால் பலன் இல்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டையும் (ரிப்போர்ட்டில் பிசிவி என்றும் இருக்கும்) ரத்த அழுத்தத்தையும் சிறுநீர் போகும் அளவையும் மருத்துவர்கள் உற்றுக் கவனிப்பார்கள். உறவினர்கள் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பதைவிட "பிசிவி எவ்வளவு?" என்றும் கேட்டால் நல்லது. பிசிவி ஏறிக்கொண்டே போனால் நீர் கசிகிறது என்று பொருள்.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு?

நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசே காய்ச்சல் காலங்களில் வழங்கியிருக்கிறது. குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். பப்பாளி இலைச் சாறு சிலருக்கு வாந்தியைக் கூட்டுகிறது, டெங்குவில் அது நல்லதில்லை. இரண்டையும் நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ் கரைசல் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பது கண்டிப்பாக உதவும்.

கர்ப்பிணிகள் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

மூன்று வைரஸும் மூன்று விதமாகத் தொல்லை தரும். டெங்கு தாய்க்கு ரத்தப்போக்கைக் கொண்டுவரலாம். சிக்குன்குனியா பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். ரீயூனியன் தீவில் 2005-06 பரவலின்போது, அப்படிப்பட்ட பிரசவங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றியது. ஜிகா கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2015-ல் பிரேசிலில் சிறிய தலையோடு குழந்தைகள் பிறந்ததை உலகமே பார்த்தது. ஜிகா நமக்குத் தூரத்து நோயும் இல்லை. 2017-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு உறுதியானது, 2021-ல் திருவனந்தபுரத்தில் பரவியது.

அதனால் கர்ப்பிணிக்கு மழைக்காலக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெங்கு உறுதியானாலும் மற்ற இரண்டையும் பார்க்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். கணவருக்கு ஜிகா வந்திருந்தால், கர்ப்பம் முடியும்வரை ஆணுறை அவசியம்.

வைரஸ் மட்டும்தானா? வேறு ஏதாவது கூட இருக்குமா?

இருக்கலாம், அதை விடக்கூடாது. டெங்குவோடு மலேரியாவும், எலிக்காய்ச்சலும், உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸும் சேர்ந்து வந்திருக்கின்றன. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சை கொசு மொட்டைமாடித் தொட்டியில் வளர்கிறது. ஏடிஸ் கீழே டிரம்மில் வளர்கிறது. ஒரே வீட்டுத் தண்ணீர்தான். வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. ஆனால் இந்த மூன்றுக்கும் நல்ல மருந்து இருக்கிறது. ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால், அல்லது அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு தெரிந்தால், டெங்கு ரிப்போர்ட் கையில் இருந்தாலும் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

இரண்டும் வந்து போய்விட்டது. இனி வராதுதானே?

சிக்குன்குனியா ஒரு முறை வந்தால் நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும், அநேகமாக ஆயுள் முழுக்க. டெங்குவில் நான்கு வகை உண்டு. வந்த வகை திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வேறு வகை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். ஒரே நேரத்தில் இரண்டு டெங்கு வகைகள் தொற்றிய நோயாளியும் உண்டு. 1982-ல் போர்ட்டோ ரிக்கோவில் முதலாம், நான்காம் வகைகள் ஒருவரிடமே இருந்தன.

மூட்டு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். மூன்று மாதம் தாண்டினால் மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இது இழுத்துக்கொண்டே போகலாம். "சிக்குன்குனியா வலிதானே" என்று வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

காய்ச்சலின் முதல் வாரம் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். ஏடிஸ் பகலில் கடிப்பது, குறிப்பாகக் காலையிலும் மாலை நெருங்கும்போதும். ஆகவே நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ராத்திரி மட்டும்தான் வலை கட்டுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு திருத்தம். டிரம், குடம், ஃபிரிட்ஜின் பின் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏர்கூலர் இவற்றில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் நிரம்பியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் உள்பக்கத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணியால் இறுக மூடி வையுங்கள். அந்த ஒரே வேலை டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றுக்கும் சேர்த்துச் செய்ததாகும்.